பி.எட். படிக்க 2.4 லட்சம் கல்விக்கடன்: ஆசிரியர் சம்பளத்தில் அடைத்துவிட முடியுமா?

திண்டுக்கல்_அண்ணன் கேட்டது:

வணக்கம். தங்கை பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள், 71%. ஒன்றாம் வகுப்பு முதல் டிகிரி வரை எல்லாமே தமிழ்வழி. பி.எட். சேரணும் என்கிறாள். கோவைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆண்டுக் கட்டணம் 65,000, விடுதி சாப்பாடு 55,000. ஆக இரண்டு ஆண்டுக்கு 2,40,000. கையில் பணமில்லை, முழுசும் கல்விக்கடன்தான். வங்கியில் 10.5% வட்டி சொல்கிறார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்குள்.

உள்ளூர் மெட்ரிக் பள்ளி ஒன்றில் இப்போதே 11,000-க்கு வரச் சொல்கிறார்கள். பி.எட். முடித்துவிட்டு வந்தால் 14,000 தருவார்களாம். வீட்டில் எல்லோரும் "கவர்மென்ட் வேலை கிடைச்சா ஒரே வருஷத்துல கடனை அடைச்சிடலாம்" என்கிறார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இந்தக் கடன் வாங்கலாமா?

கடன்பிரிவு_ஓய்வு:

தம்பி, முதலில் கடன் எவ்வளவாக வளரும் என்று பாருங்கள். 2.4 லட்சமாகவே நிற்காது.

முதலாண்டு 1.2 லட்சம், இரண்டாமாண்டு 1.2 லட்சம் என்று வங்கி நேரே கல்லூரிக் கணக்குக்கு அனுப்பும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடும். அந்தக் காலத்துக்குத் தனி வட்டிதான், கூட்டு வட்டி இல்லை. முதல் 1.2 லட்சத்துக்கு மூன்றாண்டு வட்டி 37,800. அடுத்த 1.2 லட்சத்துக்கு இரண்டாண்டு வட்டி 25,200. ஆக 63,000. தவணை தொடங்கும் நாளில் பாக்கி 3,03,000.

இதை 5 ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 6,510. 7 ஆண்டென்றால் 5,110. 10 ஆண்டென்றால் 4,090. 15 ஆண்டு வரை இழுக்கலாம், அப்போது 3,350. பத்தாண்டுக் கணக்கில் மொத்தம் 4.9 லட்சம் கட்டியிருப்பீர்கள், அதாவது வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு.

இப்போது சம்பளம். 14,000-த்தில் பி.எஃப். பிடித்தால் கையில் 12,300 வரும். ஏழாண்டுத் தவணை அதில் ஐந்தில் இரண்டு பங்கு. பி.எட். படித்ததால் கூடுதலாகக் கிடைப்பதோ மாதம் 3,000 மட்டும். பட்டம் கொண்டுவரும் கூடுதல் சம்பளம் அந்தப் பட்டத்துக்கான தவணைக்கே போதவில்லை. இத்துடன் இரண்டாண்டு விட்டுக்கொடுக்கும் 11,000 சம்பளம் 2,64,000 ஆகிறது, அதை வீட்டில் யாரும் செலவாக எழுதமாட்டார்கள்.

கிடைக்கப்போகும் அரசுச் சம்பளத்தை வைத்துக் கடன் வாங்கக் கூடாது. அது கிடைக்கும் வரை வாங்கப்போகும் தனியார் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போடணும். தவணை அவளால் தாங்கக்கூடிய 2,500-க்குள் நிற்கணும் என்றால், ஏழாண்டுக் கணக்கில் கடன் சுமார் 1.15 லட்சத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் சொல்வது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கடன் வாங்கித்தான் ஆகணும் என்றால் கவனிக்க வேண்டியவை:

வட்டி மானியம். மத்திய அரசின் சிஎஸ்ஐஎஸ் திட்டத்தில், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தவணை தொடங்கும் வரையான வட்டி முழுவதையும் அரசே கட்டும். உங்கள் கணக்கில் அந்த 63,000 மிச்சம், ஏழாண்டுத் தவணை 4,050-க்கு இறங்கும். ஆனால் கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்கணும். விளம்பரப் பலகையை நம்பாமல் சான்றிதழில் காலாவதி தேதி பாருங்கள். தாசில்தார் வருமானச் சான்றை கடன் மனுவோடே கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்யச் சொல்லிக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். மானியம் தவறிப்போகிறவர்களில் பெரும்பாலோர் தகுதி இல்லாதவர்கள் அல்ல, சான்று கொடுக்காமல் விட்டவர்கள். படிப்பைப் பாதியில் நிறுத்தினாலும் மானியம் போய்விடும்.

மானியம் இல்லையென்றால், வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள். முதலாண்டு 1,050, பிறகு 2,100. அப்படிக் கட்டுகிறவர்களுக்குப் பல பொதுத்துறை வங்கிகள் அந்தக் காலத்துக்கு ஒரு சதவீதம் வட்டி குறைக்கும், கேட்டு வாங்க வேண்டும்.

4 லட்சம் வரை ஈடும் வேண்டாம், கைப்பணமும் போட வேண்டாம். பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் தவணை தவறினால் அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் (கடன் திருப்பும் நாணயத்துக்கான மதிப்பெண்) கெடும். கடனோடு ஒரு காப்பீட்டுப் பிரீமியத்தையும் சேர்த்து எழுதப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

கல்லூரி தன் லெட்டர்பேடில் கொடுக்கும் கட்டண விவரத்துக்குத்தான் வங்கி பணம் தரும். ரசீது இல்லாமல் கேட்கும் தொகை கைக்காசுதான், அதையும் 2.4 லட்சத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டாமாண்டுப் பணத்துக்கு முதலாண்டு மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். அரியர் இருந்தால் பணம் தாமதமாகும், கல்லூரியோ ஹால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நெருக்கும்.

கல்விக்கடன் வட்டிக்கான 80இ வரிச்சலுகை பற்றியும் யாராவது சொல்வார்கள். 14,000 சம்பளத்துக்கு வருமான வரியே கிடையாது, அந்தப் பேச்சுக்கு இங்கே வேலையில்லை.

பாடவேளை8:

ஓய்வு ஐயா சொன்ன கணக்கில் மாற்றுக் கருத்தில்லை. "கவர்மென்ட் வேலை கிடைச்சா" என்ற பகுதிக்கு மட்டும் வருகிறேன்.

கிடைத்தால் சம்பளம் நல்ல சம்பளம்தான், மறுக்கவில்லை. பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை 36,400. 2025 ஜூலை முதலான 58% அகவிலைப்படி 21,112. இரண்டும் 57,512, ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப்படி தனி. ஓய்வூதியப் பிடித்தம் 10% போனாலும் மூன்று லட்சக் கடனை ஓராண்டிலோ ஒன்றரை ஆண்டிலோ அடைத்துவிடலாம். வீட்டில் சொல்வது அந்த மட்டில் சரி.

ஆனால் அங்கே போய்ச் சேரும் பாதையைப் பாருங்கள். முதலில் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். 150 கேள்வி, கணித-அறிவியல் பிரிவில் 60 கேள்விதான் பாடம். மீதி 90-ம் குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம் என்று முப்பது முப்பதாகப் போகும். கணிதக்காரர்கள் கோட்டை விடுவது இந்தத் தொண்ணூறில். பாஸ் செய்தால் வேலை கிடைத்துவிடாது. 2018-ல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு டெட் வெறும் தகுதி. பணிக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தனிப் போட்டித்தேர்வு நடத்தும். அதில் தமிழ்த் தகுதித் தாள் 50 மதிப்பெண், 20 எடுத்தால்தான் பாடத்தாளைத் திருத்துவார்கள்.

கால இடைவெளிதான் கடன்காரருக்குப் பகை. தமிழ்நாட்டில் டெட் நடந்த ஆண்டுகள்: 2012, 2013, 2017, 2019, 2022 அறிவிப்புக்கான தேர்வு, பிறகு 2025 நவம்பர். பட்டதாரி ஆசிரியர் போட்டித்தேர்வு 2023 அக்டோபரில் 2,222 இடங்களுக்கு அறிவித்து, 2024 பிப்ரவரி 4-ல் நடந்தது. பிறகு இடங்கள் 3,192 வரை கூடின, அது எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. அதற்கு முன்னால் பல ஆண்டு வறட்சி. வங்கித் தவணையோ படிப்பு முடிந்து பதின்மூன்றாம் மாதம் தவறாமல் வந்துவிடும். நேரடி நியமன வயது வரம்பும் 2023-ல் பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்ந்துவிட்டது. உங்கள் தங்கைக்கு அதனால் அவகாசம் நிறைய. ஆனால் இருபது ஆண்டாகக் காத்திருப்பவர்களும் அதே மைதானத்தில்தான்.

இந்த இரண்டாம் தாள் வேண்டாம், ஆரம்பப் பள்ளிக்குப் போகிறேன் என்றும் முடியாது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பி.எட். செல்லாது, தொடக்கக் கல்வி டிப்ளமோதான்.

இப்போது உங்கள் பதிவில் எனக்கு உறுத்திய இடம். ஒன்றாம் வகுப்பு முதல் டிகிரி வரை தமிழ்வழி என்கிறீர்கள். டிஆர்பி நியமனத்தில் 20% தமிழ்வழியில் படித்தவர்களுக்கு. அந்த ஒதுக்கீட்டுக்கு, பணிக்குத் தேவையான படிப்பு எல்லாமே தமிழ்வழியாக இருக்கணும், பி.எட்.டும் அதில் சேர்த்தி. கோவைக் கல்லூரி என்ன மீடியம்?

திண்டுக்கல்_அண்ணன்:

இங்கிலீஷ் மீடியம் மட்டும்தானாம் சார். இன்னொன்றும் சொன்னார்கள்: "அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம், வேலைக்குப் போயிட்டே படிக்கலாம்" என்று. அப்படி 11,000 வந்தால் கணக்கு மாறுமே?

பாடவேளை8:

மாறாது. 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பாக்கிய என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில்) விதியிலேயே வகுப்புக்கு 80%, பள்ளிப் பயிற்சிக்கு 90% வருகை வேண்டும். பயிற்சி மட்டும் 20 வாரம், முதலாண்டு 4, இரண்டாமாண்டு 16. அந்த 16 வாரம் தொடர்ச்சியாக ஒரு பள்ளியில் பாடத்திட்டக் குறிப்போடு நிற்கணும், வேறு எந்தப் பள்ளி சம்பளம் கொடுத்து அனுப்பி வைக்கும்? "பாத்துக்கறோம்" என்பதற்குத் தனி ரேட் இருக்கும், அதற்கு ரசீது இருக்காது. நாளைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் ஒரே காலத்துக்கு முழுநேரப் பி.எட்.டும் பணி அனுபவச் சான்றும் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் தங்கை, கல்லூரி அல்ல.

மீடியம் விஷயத்தில், அந்தக் கல்லூரியில் சேர்ந்தால் பதினைந்து ஆண்டு தமிழ்வழிப் படிப்பின் பலன் இந்த இரண்டாண்டில் போய்விடும். 2.4 லட்சம் கொடுத்து இதைத் தொலைக்க வேண்டாம்.

உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவிபெறுபவை 14. உதவிபெறும் கல்லூரிகளில் காந்திகிராமம் லட்சுமி கல்வியியல் கல்லூரி திண்டுக்கல்லிலிருந்து கூப்பிடு தூரம். மதுரையில் தியாகராசர், புனித ஜஸ்டின் இரண்டும் உண்டு. அரசு ஒதுக்கீட்டு இடத்தில் சேர்ந்தால் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். காந்திகிராமம் கிடைத்தால் விடுதியும் வேண்டாம். சின்னாளபட்டி டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. ரெக்கார்டு நோட்டு, சார்ட், கற்பித்தல் கருவிகள், பயிற்சிக் காலத்துக்குச் சேலை என்று எல்லாம் கூட்டினாலும் இரண்டாண்டுக்கு 50,000-ஐத் தொடாது. சேருமுன் தமிழ்வழிப் பிரிவு இருக்கிறதா, முடிக்கும்போது முதல்வர் தமிழ்வழிச் சான்று தருவாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கஷ்டம் என்னவென்றால் கணிதத்துக்கு ஒரு கல்லூரியில் சில இடங்கள்தான். டிகிரி மதிப்பெண், இனச் சுழற்சி பார்த்துத் தரவரிசை போடுவார்கள். 71% நிச்சயம் என்றும் சொல்ல முடியாது, வீண் என்றும் சொல்ல முடியாது. கலந்தாய்வு விண்ணப்பம் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் கல்லூரிக் கல்வி இயக்ககம் மூலம் வரும். சுயநிதிக் கல்லூரிகள் அதற்கு முன்பே அட்வான்ஸ் வாங்கப் பரபரப்பது இதனால்தான். அட்வான்ஸ் கட்டி ஒரிஜினல் டி.சி.யைக் கொடுத்துவிட்டால் கலந்தாய்வுக்கு வெறுங்கையோடு போக வேண்டியிருக்கும்.

தாளாளர்_பக்கம்:

தனியார் பள்ளி நிர்வாகத்திலிருந்து சில விஷயம். மேலே இரண்டு பேரும் தனியார் சம்பளத்தை அசையாத 14,000 என்று வைத்துப் பேசுகிறார்கள், அது முழு உண்மையில்லை.

ஆறாம் ஏழாம் வகுப்புக் கணிதத்துக்கு ஆள் நிறையக் கிடைப்பார்கள், அதனால் சம்பளம் ஏறாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கணக்கை நம்பி ஒப்படைக்க ஆள் கிடைப்பது சிரமம், அங்கே பேரம் பேசலாம். பதினொன்று, பன்னிரண்டுக்கு எம்.எஸ்சி., பி.எட். என்றால் இன்னும் ஒரு படி மேல். சிபிஎஸ்இ பள்ளிகள் பி.எட். இல்லாதவரை ஆசிரியர் பட்டியலில் காட்ட முடியாது, சி-டெட் (மத்திய அளவில் நடக்கும் டெட்) பாஸ் என்றால் முன்னுரிமை உண்டு, சி-டெட்டை பி.எட். படிக்கும்போதே எழுதலாம். மதுரை, கோவை சிபிஎஸ்இ பள்ளிகளில் 20,000-ஐ ஒட்டிப் பேச முடியும். ஆனால் அங்கே ஆங்கிலத்தில் பாடம் நடத்தணும், தமிழ்வழியில் வந்தவருக்கு அதற்கு ஓராண்டு உழைப்பு வேண்டும். வெளியூர் என்றால் விடுதிக்கே 6,000 போகும். அதையும் கழித்தால் உள்ளூர் 14,000-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் நிற்காது.

"14,000 தருகிறோம்" என்ற வார்த்தையில் நாலு கேள்வி கேளுங்கள். கையில் வருவதா, பிடித்தம் போவதற்கு முன்னா? பன்னிரண்டு மாதமா, மே மாதம் சம்பளம் உண்டா? மே இல்லையென்றால் ஆண்டுக்கு 1,54,000தான், மாதச் சராசரி 12,830. வங்கித் தவணைக்கு மே மாத விடுமுறை கிடையாது. பி.எஃப்.பில் பள்ளியின் பங்கையும் ஆசிரியர் சம்பளத்திலிருந்தே எடுக்கிறார்களா? சில இடத்தில் நடக்கிறது. நான்காவது, ஒரிஜினல் சான்றிதழைக் கேட்கிறார்களா? கொடுக்கவே கொடுக்காதீர்கள். டிஆர்பி சரிபார்ப்புக்கு அழைப்பு வரும்போது பள்ளி அலமாரியில் சான்றிதழைத் தேட முடியாது.

அரசுப் பள்ளியில் தற்காலிகப் பணி பற்றியும் யோசிப்பீர்கள். பள்ளி மேலாண்மைக் குழு வழியாக 2022-ல் எடுத்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு 15,000, முதுகலைக்கு 18,000 என்று வைத்தார்கள். காலியிடம் நிரம்பும் வரைதான். அதை நம்பிக் கடன் எழுதாதீர்கள்.

திண்டுக்கல்_அண்ணன்:

எல்லோருக்கும் நன்றி. அட்வான்ஸ் இன்னும் கட்டவில்லை, நல்லவேளை. கலந்தாய்வில் இடம் கிடைக்காவிட்டால் ஓராண்டு சும்மா இருக்க விடுவதா என்று அம்மா கேட்கிறார். எம்.எஸ்சி. சேர்த்துவிட்டால் என்ன? நகைக்கடன் வைத்துப் பி.எட். படிக்க வைக்கலாம் என்றும் ஒரு யோசனை ஓடுகிறது.

கடன்பிரிவு_ஓய்வு:

நகைக்கடன் இதற்குத் தோதில்லை. பெரும்பாலும் ஓராண்டுக் கெடு. ஆண்டுதோறும் வட்டி கட்டித் திருப்பி வைக்கணும். வருமானம் வர மூன்றாண்டு ஆகும் செலவை ஓராண்டுக் கடனில் தூக்கினால் நகை ஏலத்துக்குப் போகும். 40,000, 50,000 தேவை, அப்பாவே மாதாமாதம் கட்டிவிடுவார் என்றால் மட்டும் சரி.

பாடவேளை8:

எம்.எஸ்சி. நல்ல யோசனை, உள்ளூர் அரசுக் கல்லூரியில் தமிழ்வழியோ எதுவோ கிடைக்கிற இடத்தில் என்றால். பட்டதாரி ஆசிரியர் பணிக்குக் கேட்பது டிகிரியும் பி.எட்.டும்தான், அதற்கான தமிழ்வழிச் சலுகை எம்.எஸ்சி. ஆங்கிலவழி என்பதால் கெடாது. முதுகலை ஆசிரியர் பணிக்கு அந்தச் சலுகை வேண்டுமென்றால்தான் எம்.எஸ்சி.யும் தமிழ்வழியாக இருக்கணும்.

முதுகலை ஆசிரியர் அடிப்படைச் சம்பளம் 36,900, பட்டதாரி ஆசிரியரைவிட 500 ரூபாய்தான் கூடுதல். லாபம் வேறு இடத்தில்: அந்தப் பணிக்கு டெட் கேட்பதில்லை, நேரே டிஆர்பி தேர்வு. 2025 ஜூலையில் 1,996 இடங்களுக்கு அறிவிப்பு வந்து அக்டோபர் 12-ல் தேர்வு நடந்தது. எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் இரண்டு வரிசையிலும் நிற்கலாம், தாளாளர் சொன்ன பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கும் கைக்கு வரும். கேந்திரிய வித்யாலயாவில் முதுகலை ஆசிரியருக்கு அடிப்படை 47,600, அதற்கும் மனுப் போடலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கணிதம் என்பதால்தான் இவ்வளவும் பேசுகிறோம். பி.காம்., பொருளியல்காரர்களுக்கு அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் பணியே கிடையாது. முதுகலை முடித்திருந்தால்தான் தமிழ்நாட்டில் பி.எட்.டிலேயே சேர முடியும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் கணினி பயிற்றுநர் பணிக்கு முதுகலை வேண்டும். இவர்கள் டிகிரியோடு பி.எட்.டுக்குக் கடன் வாங்குவது பற்றி எழுதினால் தனித் திரியே போட வேண்டியிருக்கும்.

தாளாளர்_பக்கம்:

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: இந்த ஆண்டு இடம் கிடைக்காவிட்டால் அந்த 11,000 வேலையிலேயே சேரட்டும், ஏழாம் எட்டாம் வகுப்பு கேட்டு வாங்கட்டும். டெட் இரண்டாம் தாளின் கணக்கும் அறிவியலும் பெரும்பாலும் அந்தப் பாடப் புத்தகங்களிலிருந்துதான் வரும். மாதம் 5,000 ஒதுக்கினால் ஓராண்டில் 60,000, அடுத்த ஆண்டு உதவிபெறும் கல்லூரியில் கிடைத்தால் அதுவே முழுப் படிப்புக்கும் போதும். சேரும்போதே "அடுத்த ஜூன் வரைதான்" என்று பள்ளியில் சொல்லிவிடுங்கள். ஆண்டு நடுவில் விலகினால் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார்கள்.